வியாழக்கிழமைச் சதுரங்கம்

கிளென் ஈடன், ஒக்லாந்து
13.03.1994

அன்புள்ள தம்பி கவிநேசனுக்கு,

நானும் உன் அத்தானும் சுகம் என்று எழுதித்தான் கடிதம் தொடங்க வேண்டும். அதனால் எழுதுகிறேன், சுகம். உன் இருமல் நின்றுவிட்டதா? குணவதி அன்ரி இப்போதும் குழம்புக்குள் தண்ணீர்தான் ஊற்றுகிறாவா? கொழும்பில் நம்பிக்கையான வீட்டில் ஓர் அறை கிடைப்பதே பெரிய பாடு. வாயை மூடிக்கொண்டு சாப்பிடு.

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். சிரிக்காதே. உன் அத்தான் செஸ் பழகுகிறாராம்.

யார்? நரேந்திரன். கலியாண வீட்டில் சீட்டுக்கட்டோடு முந்நூற்றிநாலு விளையாட ஒரு கை குறைகிறது என்று கூப்பிட்டாலும் எழும்பிப் போய் வாழைமரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மனிதர். கரம் போர்ட்டில் அவர் விரல் வைத்ததை நான் கண்டதில்லை. இப்போது ஒவ்வொரு வியாழக்கிழமையும் விமான நிலையத்தில் சரக்கு வேலை முடிந்ததும் ஒடாஹுஹுவில் ஒரு செஸ் கிளப்புக்குப் போய்விட்டு இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்தி வருகிறார். நான் தனியாகச் சாப்பிட்டுவிட்டு ரெலிவிஷனோடு கதைத்துக்கொண்டு இருக்கிறேன்.

இத்தனை மாதமாக அப்படி என்ன பழகுகிறீர்கள் என்று கேட்டேன். கறுப்புக் காய்க்கு ஒரு தடுப்பாட்டமாம். சிசிலியன் டிராகன் என்று பெயராம். பயங்கரமானதாம், லேசில் பிடிபடாதாம். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கழுவி வைத்த கோப்பையை எடுத்து மறுபடி கழுவினார்.

நீ பள்ளிக்கூட செஸ் அணியில் இருந்தவன். தலைவன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாய், ரிசேவ் என்பது எனக்குத் தெரியும். ஒரு தடுப்பாட்டம் படிக்க எவ்வளவு காலம் எடுக்கும்? படிக்கிறவர் வீட்டில் ஒரு நாளாவது பலகையை விரித்து வைக்க மாட்டாரா?

போன வருஷத்து விஷயத்தை ஏன் எழுதுவதில்லை என்று கேட்டிருந்தாய். பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது, அதில் எழுத என்ன இருக்கிறது? ஆஸ்பத்திரியால் வந்த அன்றே, இந்த வீட்டில் இனி அதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவரும் கதைக்கவில்லை. நீயும் கேட்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்குப் பதில் எழுது.

அக்கா மாலினி


வெள்ளவத்தை, கொழும்பு
04.04.1994

பாசமுள்ள அக்காவுக்கு,

இருமல் நின்றுவிட்டது. அன்ரியின் தண்ணீர்க் குழம்பு நிற்கவில்லை. அங்கே குளிர் தொடங்கும் காலம் என்று நினைக்கிறேன், கால் விறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். நான் ரிசேவ் இல்லை. அணியில் நாலாம் பலகையில் ஆடினவன்.

இனி டிராகன். செஸ்ஸில் வெள்ளைக்குத்தான் முதல் நகர்வு. அதனால் கறுப்புக்காரர் வழக்கமாகப் பதுங்கி, அடி விழாமல் பார்த்துக்கொண்டு இருப்பார். டிராகன் அப்படி இல்லை. வெள்ளை ஒரு பக்கத்தால் உங்கள் ராஜாவைப் பிடிக்க ஓடி வரும், நீங்கள் மறுபக்கத்தால் அதன் ராஜாவைப் பிடிக்க ஓட வேண்டும். ஒரு அடி பிந்தினவருக்கு ஆட்டம் முடிந்தது. காலாட்கள் நெளிந்து பாம்பின் முதுகு மாதிரி நிற்கும், மூலையில் ஒரு மந்திரி இருந்து பலகையின் அந்தத் தலை வரைக்கும் நெருப்பு ஊதும்.

இதை நேற்றுப் பழக வந்த ஆளுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள், அக்கா. சைக்கிள் ஓடப் பழகாதவனைப் பந்தய மோட்டார் சைக்கிளில் ஏற்றுகிற வேலை. உண்மையைச் சொன்னால் எனக்கும் இது சரியாகப் படவில்லை.

அத்தானைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அதற்கு முதல் நீங்கள் காய் நகர்த்தப் பழக வேண்டும். இத்துடன் எல்லாக் காய்களும் எப்படிப் போகும் என்று வரைந்து அனுப்புகிறேன். கணக்கு ரீச்சருக்கு இது ஒரு பின்னேர வேலை.

அந்த விஷயத்தைக் கேட்க வேண்டாம் என்கிறீர்கள். கேட்கவில்லை. ஆனால் உங்களுக்கு நித்திரை வருகிறதா என்று மட்டும் எழுதுங்கள்.

என்றும் உங்கள் தம்பி
கவி


கிளென் ஈடன்
24.04.1994

அன்புள்ள கவிக்கு,

நான் நித்திரை கொள்கிறேன். நீ கொள்கிறாயா?

காய் நகர்த்தப் பழகிவிட்டேன். குதிரை மட்டும்தான் கொஞ்சம் குழப்படி. பழக வேண்டும் என்று அவர் வாங்கி வைத்த செஸ் பெட்டியைத்தான் எடுத்தேன். கிளப்புக்கு என்று வாரா வாரம் காரில் கொண்டு போகிற அதே பெட்டி. திறந்து பார்த்தால், காய்களின் அடியில் ஒட்டிய பச்சைத் துணியில் ஒரு கீறல் இல்லை. கறுப்பு ராணி இன்னும் கடைக்காரன் போட்ட பிளாஸ்ரிக் உறைக்குள் இருக்கிறா. இவர் அங்கே எதை வைத்து விளையாடுகிறார்?

இன்னும் கேள். காரின் பின் இருக்கையில் ஒரு ரிஷூப் பெட்டி, பாதி காலி. அதற்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் கம்பளிச் சட்டை, மண்ணிறம், எனக்கு இரண்டு சுற்று பெரிது. கிளப்பில் ஒரு கிழவி மறந்து விட்டுவிட்டுப் போனாவாம். போன கிழமை ரெலிபோனில் ஒருத்தி, மார்கரெட் என்று சொன்னாள், "நரேன் இருக்கிறாரா?" என்று கேட்டாள். நரேன்! பத்து வருஷமாக அவரை நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் கிளப் செயலாளராம்.

வியாழக்கிழமை வீட்டுக்கு வரும்போது கண் சிவந்திருக்கிறது. செஸ்ஸில் தோற்றால் ஆம்பிளைகள் அழுவார்களா?

கிளப்புக்கு ரெலிபோன் எடுத்து விசாரி என்று எழுதாதே. என் புருஷன் அங்கே வருகிறாரா என்று ஒரு வெள்ளைக்காரனிடம் கேட்க எனக்கு மானம் விடவில்லை. வேறு ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்தால் இந்த நாட்டில் ஒரு நாளும் இருக்க மாட்டேன், கொழும்புக்கு வந்து உன் அறையில் பாய் விரிப்பேன். அதனால் சோதனையைச் சீக்கிரம் அனுப்பு. நீயும் அந்த வீட்டு ஆட்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

மாலினி


வெள்ளவத்தை
15.05.1994

அன்பு அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அன்ரி உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னா. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு எனக்குத்தான் நித்திரை இல்லை.

சோதனை இதுதான். இத்துடன் உள்ள படத்தில் இருக்கிற மாதிரிக் காய்களை அடுக்குங்கள். டிராகனில் ஐந்து நகர்வு முடிந்த நிலை. இப்போது வெள்ளையின் மந்திரியை எடுத்து அதன் ராஜாவுக்கு நேரே மூன்றாம் வரிசையில் வையுங்கள். வைத்துவிட்டு, கறுப்பு இப்போது என்ன செய்யும் என்று அத்தானிடம் கேளுங்கள்.

விடை: கறுப்புக் குதிரை உடனே முன்னே பாய்ந்து அந்த மந்திரியைத் தாக்க வேண்டும். படத்தில் அம்பு போட்டிருக்கிறேன். இது என் சொந்த ஆயுதம். டிராகனை ஒரு மாதம் படித்தவரும் கண்ணை மூடிக்கொண்டு இதைச் செய்வார். மேசையைப் பார்த்து முழித்தால் கிளப் இல்லை, ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டலாம்.

அதோடு விடப் போவதில்லை. வருகிற கிழமை கொமியுனிக்கேஷன் கடையிலிருந்து அத்தானின் வேலை இடத்துக்கு ரெலிபோன் எடுக்கிறேன். ஆம்பிளைக்கு ஆம்பிளை நேரே கேட்கிறேன். என் அக்காவை ஏமாற்றுகிறவர் அத்தானாக இருந்தாலும் சரிதான்.

தைரியமாக இருங்கள்.

கவி


வெள்ளவத்தை
08.06.1994

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும். கொழும்பில் நல்ல மழை, வீதியெல்லாம் வெள்ளம்.

அக்கா, சோதனை கீதனை எல்லாம் வேண்டாம் என்று இப்போது நினைக்கிறேன். அத்தான் நல்ல மனிதர். வாரத்தில் ஒரு நாள் ஓர் ஆம்பிளை எங்காவது போய் வந்தால் குடி முழுகிப் போகாது. மனதைப் போட்டு அலட்டாதீர்கள்.

வேலை கூட, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

கவி


கிளென் ஈடன்
26.06.1994

அன்புள்ள கவிக்கு,

உன் இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன. ஒன்றில் வாளோடு நிற்கிறாய், மற்றதில் வெள்ளைக் கொடி பிடிக்கிறாய். நடுவில் என்ன நடந்தது? ரெலிபோன் எடுப்பேன் என்றாய், எடுத்தாயா இல்லையா என்று ஒரு வரி இல்லை. அவரிடம் கேட்டேன், கவி எடுக்கவே இல்லை என்றார். ரெலிபோன் எடுக்காமலே உனக்கு ஞானம் வந்துவிட்டதாக்கும்.

நீ வேண்டாம் என்றாலும் நான் சோதித்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட பிறகு மேசையைத் துடைத்துவிட்டு, பலகையை வைத்து, உன் படத்தைப் பார்த்துக் காய் அடுக்கினேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டு இருந்தார். பலகையைக் கண்டதும் பேப்பர் மெல்லக் கீழே வந்தது. எனக்கும் செஸ் ஆசை வந்துவிட்டது என்றேன். மந்திரியை வைத்தேன். நீங்கள் கறுப்பு, இப்ப என்ன செய்வீங்கள் என்று கேட்டேன்.

யோசிக்கவே இல்லை, தம்பி. கை நேரே குதிரைக்குப் போனது. நீ அம்பு போட்ட அதே இடத்தில் டக்கென்று வைத்தார். வைத்துவிட்டு, "இதுதான் டிராகன்" என்றார்.

எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியது மாதிரி இருந்தது. இரவு அவருக்குப் பிடித்த கணவாய்க் கறியும் புட்டும் செய்தேன். மனிதரைச் சந்தேகப்பட்ட குற்றத்துக்கு அபராதம் கட்டுகிற மாதிரி, புட்டை அள்ளி அள்ளி வைத்தேன். அவர் நன்றாகச் சாப்பிடவில்லை. அது மட்டும்தான் ஒரு மாதிரி இருந்தது.

இங்கே மழை இல்லாமல் அணை வற்றிக்கொண்டு போகிறது, சுருக்கமாகக் குளியுங்கள் என்று ரேடியோவில் சொல்கிறார்கள். உங்கள் வெள்ளத்தில் கொஞ்சம் அனுப்பு. எனக்கு இந்த விளையாட்டு உண்மையிலேயே பிடித்துவிட்டது, லைப்ரரியில் ஒரு டிராகன் புத்தகம் கேட்டு வைத்திருக்கிறேன். வந்ததும் உன்னைத் தோற்கடிக்கிறேன்.

அக்கா


வெள்ளவத்தை
17.07.1994

அன்பு அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு மிகச் சந்தோஷம். நான் சொன்னேன்தானே. இனி அந்தக் கதையை விட்டுவிடுங்கள்.

இங்கே மழை விட்டுவிட்டது. அன்ரியின் மகள் புஷ்பவதிக்குக் கனடாவில் சம்பந்தம் பேசுகிறார்கள், வீட்டில் ஒரே அமளி. தேங்காய் விலை ஏறிவிட்டது. கடலோரத்தில் மாலையில் நல்ல காற்று.

புத்தகம் எல்லாம் எதற்கு அக்கா, உள்ள வேலையோடு? அந்தப் புத்தகங்கள் குழப்பும். எனக்குத் தெரிந்ததை நானே எழுதி அனுப்புகிறேன்.

கவி


கிளென் ஈடன்
07.08.1994

கவிநேசனுக்கு,

நான் சுகம் இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப் போவதும் இல்லை.

புத்தகம் வந்தது. டிராகனைப் பற்றின அதிகாரத்தில் முதல் எச்சரிக்கையே உன் சொந்த ஆயுதம்தான். புதிதாய்ப் பழகுகிறவர்கள் விடுகிற பிழை என்று போட்டிருக்கிறது. கறுப்பு முதலில் தன் மந்திரியை மூலையில் இருத்த வேண்டும். அதைச் செய்யாமல் குதிரை பாய்ந்தால், வெள்ளையின் மற்ற மந்திரி ஓடி வந்து செக் சொல்லும். அதோடு அந்தக் குதிரை போகும், அல்லது அதைவிடப் பெரியது போகும். நான் பலகையில் வைத்துப் பார்த்தேன். எப்படி மறித்தாலும் போகிறது. நாலாம் பலகையாம்.

நீ பிழையாகப் படித்தது பெரிய விஷயம் இல்லை, எல்லாவற்றையும் பாதிதான் படிக்கிறவன் நீ. ஆனால் உன் பிழை அவர் கைக்கு எப்படி வந்தது? கிளப்பில் மாதக்கணக்கில் டிராகன் படித்த மனிதர், முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடத்தையே விட்டுவிட்டு, வெள்ளவத்தையில் ஒருவன் தன் தலைக்குள் வைத்திருக்கிற பிழையை அப்படியே எடுத்து வைக்கிறார். யோசிக்காமல் வைக்கிறார். சொல்லிக்கொடுத்த ஆள் நீ.

பள்ளிக்கூடத்தில் இரண்டு பொடியன்கள் ஒரே பிழையை ஒரே இடத்தில் விட்டிருந்தால் யார் யாரைப் பார்த்து எழுதினான் என்று நான் கேட்பதில்லை. இரண்டு பேரையும் எழுப்பி நிறுத்துவேன். இப்போது எழும்பி நில்.

அவர் எனக்குப் பொய் சொன்னது ஒரு நோவு. நீயும் அவரோடு சேர்ந்து இருந்து என்னைப் பைத்தியக்காரி ஆக்கினது அதைவிடப் பெரிய நோவு. நான் யாரை நம்பி எழுதினேன்? அவளுக்கு எத்தனை வயது? மார்கரெட்தானா? பயண முகவரிடம் போய்க் கொழும்புக்கு எப்போது இடம் இருக்கிறது என்று விசாரித்துவிட்டேன். உன் அடுத்த கடிதத்தில் மழையும் தேங்காயும் இருந்தால், அதுதான் நான் பிரிக்கிற உன் கடைசிக் கடிதம்.

மாலினி


வெள்ளவத்தை
28.08.1994

அக்கா,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

ஒருத்தியும் இல்லை. செஸ் கிளப்பும் இல்லை. மே மாதம் நான் ரெலிபோன் எடுத்தேன். நன்றாக ஏசிவிட வேண்டும் என்றுதான் எடுத்தேன். ஆனால் அத்தான் அழுதுவிட்டார், அக்கா. வேலை இடத்தில், பின்னால் வாகனச் சத்தம் கேட்கிறது, அந்தச் சத்தத்துக்குள் இருந்து அழுதார்.

அவர் போகிற இடம் பாபடோயிட்டோயில் ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கிற மண்டபம். பிறந்ததும், பிறக்கும் முன்னரும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தகப்பன்மார் வியாழக்கிழமைகளில் அங்கே கூடிக் கதைப்பார்களாம். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் உங்கள் இரண்டு பேருக்கும் அதைப் பற்றிச் சொன்னாவாம். அவ எழுதித் தந்த துண்டை நீங்கள் கிழித்துப் போட்டீர்களாம். மார்கரெட் அதை நடத்துகிற ஒரு வயதான அம்மா. மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவ.

"வீட்டில் அவள் கதைக்க விடமாட்டாள் கவி, நான் எங்கேயாவது கதைக்க வேண்டும், இல்லாட்டி வெடிச்சுப்போவன்" என்றார். வேலை இடத்தில் ஒருவர் மத்தியான இடைவேளையில் டிராகனைப் பற்றியே கதைப்பாராம். அந்தப் பெயரைத்தான் பிடித்துக்கொண்டாராம். அக்கா சோதிக்கப் போறா என்று நான்தான் சொல்லி, விடையையும் சொல்லிக்கொடுத்தேன். உங்களுக்கு ஒருபோதும் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கினார். இப்போது நான் அதை மீறிவிட்டேன்.

என்னை ஏசுங்கள். அவரை ஏசாதீர்கள்.

கவி


கிளென் ஈடன்
25.09.1994

அன்புள்ள தம்பிக்கு,

பதில் பிந்திவிட்டது. உன் கடிதத்தை வாசித்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஒருத்தி இருந்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன், தலைமயிரைப் பிடித்திருப்பேன். இதற்கு யாரோடு சண்டை பிடிப்பது? என் வீட்டில் வாய் திறக்காத மனிதர், முன்பின் தெரியாத சனத்துக்கு முன்னால் இருந்து என் பிள்ளையைப் பற்றிக் கதைக்கிறார். நான் சுமந்த பிள்ளை. அந்த எரிச்சல் எத்தனையோ நாள் போகவில்லை. அவரிடம் ஒன்றும் கேட்கவும் இல்லை. இன்னும் நீ பொய் சொல்கிறாயோ என்றும் ஒரு மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒருதரம் ஏமாற்றினவனை எப்படி நம்புவது?

அதனால் போன வியாழக்கிழமை வேலையிலிருந்து நேரே பஸ் எடுத்துப் பாபடோயிட்டோய்க்குப் போனேன். இந்தியன் கடை வரிசையைத் தாண்டித்தான் அந்த மண்டபம். அவருடைய கார் வெளியே நின்றது. செஸ் பெட்டி பின் இருக்கையில் கிடந்தது. கதவு பாதி திறந்திருந்தது, நான் மறைந்து நின்று பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாகக் கதிரை போட்டு இருந்தார்கள். சமோவாக்காரர் ஒரு சோடி, இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள், ஒரு கிழவர். அந்த மண்ணிறச் சட்டைக்காரி இவருக்குப் பக்கத்தில். எழுபது வயது இருக்கும், குண்டு மனுஷி. அவவைத்தான் நான் இத்தனை மாதமாகத் திட்டிக்கொண்டு இருந்தேன்.

அவ இவரைப் பார்த்து, "நரேன், இன்றைக்கு ஆரபியைப் பற்றிச் சொல்லப் போகிறாயா?" என்று கேட்டா.

எனக்கு விளங்கவில்லை. யார் இந்த ஆரபி என்றுதான் முதலில் நினைத்தேன். சந்தேகம் பழகின மனம் அப்படித்தானே போகும். பிறகு இவர் கதைக்கத் தொடங்கினார், எங்கள் வீட்டில் ஒரு வசனத்தை முடிக்கத் தெரியாத மனிதர் ஆங்கிலத்தில் ஆறுதலாகக் கதைத்தார். ஆஸ்பத்திரியில் ஆரபியைத் தன் கையில் வைத்திருந்ததைச் சொன்னார். எனக்கு அவளைக் காட்டட்டோ என்று கேட்டபோது நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன் என்றும், அதற்காக என்னில் ஒரு குறையும் இல்லை என்றும் சொன்னார். போன மாதம் அவளுக்கு ஒரு வயது என்றார். அங்கே இருந்த அத்தனை பேரும் ஆரபி, ஆரபி என்று சொன்னார்கள், அந்த 'ர' அவர்கள் வாயில் சரியாக வராமல், தங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி. என் மகளுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பது அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது.

ரீ கொண்டுவர எழும்பின ஒரு பெண் கதவடியில் என்னைக் கண்டுவிட்டாள். யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டாள். ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

"நான் ஆரபியின் அம்மா" என்றேன்.

அவள் உடனே ஒரு கதிரையைக் கொண்டுபோய் இவருக்குப் பக்கத்தில் போட்டாள். இவர் என்னைப் பார்த்துப் பயந்துபோய் எழும்பி நின்றார், பொய் பிடிபட்ட பள்ளிக்கூடப் பொடியன் மாதிரி. நான் இருந்தேன். அவரும் இருந்தார்.

வீட்டுக்கு வரும்போது காரில், உமக்கு அவளைப் பற்றிச் சொல்லட்டோ என்று கேட்டார். சொல்லுங்கோ என்றேன். கிளென் ஈடன் வந்து சேர்ந்த பிறகும் காரை நிறுத்தி வைத்துக்கொண்டு கதைத்தோம். நான் கேட்கக் கேட்கச் சொன்னார். மூக்கு யாருடையது, விரல் எப்படி, கண் மூடியிருந்ததா என்று எல்லாம் கேட்டேன்.

உன்னோடு எனக்குக் கோபம் இன்னும் இருக்கிறது. அது கொஞ்ச நாள் இருக்கும், இருக்கட்டும். பயணத்தை விட்டுவிட்டேன். புஷ்பவதியின் சம்பந்தம் சரிவந்ததா? நீ நேரத்துக்கு நித்திரை கொள், வெளியே போனால் அடையாள அட்டையை மறக்காதே.

யாழ்ப்பாணத்துக்குப் போகிற யாரிடமாவது அம்மாவுக்குக் கடிதம் கொடுத்துவிடுவாய்தானே. அதில் பேத்தியின் பெயர் ஆரபி என்று எழுது. என்னைப் போலவே அவளுக்கும் தலை நிறைய மயிர் இருந்ததாம் என்று எழுது.

உன் அக்கா
மாலினி